பணம் போன முதல் ஒரு மணி நேரமும் அதற்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

இதைப் படிக்கும் இந்த நிமிடம் உங்கள் கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டிருந்தால், மேற்கொண்டு படிக்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவரின் போனை வாங்கி 1930-க்கு அடியுங்கள். மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

மற்றவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். திருப்பூரில் பனியன் கம்பெனிகள், டையிங் பட்டறைகள், ஆடிட்டர் ஆபீஸ்கள் போன்ற சிறு இடங்களுக்குக் கம்ப்யூட்டரும் நெட்வொர்க்கும் பார்த்துக்கொடுப்பது என் தொழில். பிரிண்டர் ஓடவில்லை என்று கூப்பிட்ட காலம் போய், "தம்பி, வாட்ஸ்அப்புல ஏதோ பத்திரிகை வந்துச்சுங்க, தொட்டுட்டேனுங்க" என்று கூப்பிடும் காலம் இது. இணைய மோசடியில் இந்திய மக்கள் 2023-ல் இழந்ததாகப் பதிவான தொகை 7,465 கோடி ரூபாய். 2024-ல் அது 22,845 கோடி. மத்திய அரசு நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கு. வெட்கப்பட்டுப் புகாரே கொடுக்காதவர்கள் இதில் சேர்த்தி இல்லை.

கீழே வருவதில் பாதி, பழைய கடைக்கணக்கு வழக்கங்கள்தான். அன்றைய கணக்கை அன்றே முடிப்பது. சேதி கொண்டுவந்தவனிடமே "சேதி நிஜமா?" என்று கேட்டுக்கொண்டிருக்காமல் வேறு ஆள் விட்டு விசாரிப்பது. கம்ப்யூட்டர் தெரியாத பெரியவர்களுக்கு இந்தப் பாதி என்னைவிட நன்றாகப் புரியும்.

பணம் போய்விட்டது: முதல் ஒரு மணி நேரம்

திருடன் உங்கள் பணத்தைத் தன் கணக்கில் வாங்க மாட்டான். கமிஷனுக்கு ஆசைப்பட்டுத் தன் வங்கிக் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் வாடகைக்குக் கொடுத்த ஒரு கல்லூரிப் பையனின் கணக்குக்கு அது முதலில் போகும். அங்கிருந்து சில நிமிடங்களில் நாலைந்து கணக்குகளாகப் பிரியும். பிறகு எங்கோ ஒரு ஏடிஎம்மில் நோட்டாகவோ கிரிப்டோவாகவோ மாறிவிடும். 1930 என்பது வெறும் புகார் எண் அல்ல. அந்த இணைப்புக்குப் பின்னால் வங்கிகளும் பேமென்ட் நிறுவனங்களும் ஒரே அமைப்பில் கோக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் புகார் பதிவானதும், பணம் போன கணக்குச் சங்கிலியில் எங்கே எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அதை அந்தந்த வங்கி நிறுத்தி வைக்கும். நீங்கள் தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்த மிச்சம் குறையும்.

வரிசை இது:

1. 1930. வங்கியின் பெயர், கணக்கு எண், போன தொகை, நேரம், பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். யூபிஐ என்றால் 12 இலக்க எண் எஸ்எம்எஸ்ஸில் இருக்கும். லைன் கிடைக்கவில்லை என்றால் விடாமல் அடியுங்கள். இன்னொருவர் அதே நேரத்தில் அடுத்த வேலையைச் செய்யட்டும்.

2. வங்கியின் சொந்த உதவி எண். கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண் அது. கூகுளில் தேடி எடுக்காதீர்கள். தேடல் முடிவுகளில் போலி உதவி எண்களைப் போட்டு வைத்துக் காத்திருப்பதே ஒரு தனித் தொழில். கார்டு, யூபிஐ, நெட்பேங்கிங் மூன்றையும் முடக்கச் சொல்லி, புகார் எண் வாங்குங்கள்.

3. தேசிய சைபர் குற்றப் புகார்த் தளமான சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்னில் எழுத்துப் பூர்வமான புகார். பிறகு அந்த எண்ணோடு உங்கள் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம்.

4. எதையும் அழிக்காதீர்கள். வீட்டுக்காரர் பார்த்துவிடுவார் என்று சாட்டை முழுக்க அழித்துவிட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. அந்தச் சாட்தான் ஆதாரம்.

இரண்டாவதை ஏன் தனியாகச் சொல்கிறேன்? 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை போட்டது. உங்கள் தவறும் இல்லாமல் வங்கியின் தவறும் இல்லாமல் வேறெங்கோ நடந்த ஓட்டையால் பணம் போனால், தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குச் சொல்லிவிட்டால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. நாலிலிருந்து ஏழு வேலை நாள் என்றால் ஒரு வரம்பு வரை உங்கள் தலையில். ஓடிபியைச் சொல்லித் தொலைத்தது நீங்களே என்றாலும், வங்கிக்குப் புகார் சொன்ன நேரத்துக்குப் பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு. அதனால் புகார் சொன்ன நேரத்துக்குச் சாட்சி வேண்டும். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: ஏமாந்து நீங்களே பின் எண் போட்டு அனுப்பிய பணத்துக்கு இந்தப் பாதுகாப்பு சுலபமாகக் கிடைக்காது. அங்கே நம்பிக்கை 1930 மட்டுமே.

இரண்டு வாரம் கழித்து ஒருவர் கூப்பிடுவார். "உங்க பணத்தை மீட்டுட்டோம், புராசஸிங் ஃபீஸ் கட்டுங்க" என்பார். முதல் திருடன் விற்ற பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறது, அவ்வளவுதான்.

யாரோ தெரியாதவர் உங்கள் கணக்கில் பணம் போட்டு, "தப்பா வந்துடுச்சு, திருப்பி அனுப்புங்க" என்றால் அதையும் நீங்களே அனுப்பாதீர்கள். வங்கியிடம் சொல்லி அவர்கள் வழியாகவே திரும்பட்டும். அது இன்னொருவரிடம் திருடிய பணமாக இருந்தால் சங்கிலியில் உங்கள் கணக்கும் ஒரு கண்ணியாகி முடங்கும். வீட்டில் கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால், கணக்கை வாடகைக்கு விடும் கதையை ஒருமுறை உட்கார வைத்துச் சொல்லுங்கள். கமிஷன் வாங்கியவன் வழக்கில் குற்றவாளி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை: வீட்டில் உள்ள எல்லாப் போன்களும்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் எல்லோருடைய போனையும் மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், மூன்று மணி நேரம் பிடிக்கும்.

முதலில் மின்னஞ்சல். வங்கி ஆப்பைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் பாஸ்வேர்டு மறந்தால் புதியது எங்கே வருகிறது? மின்னஞ்சலுக்கு. அது போனால் எல்லாம் போகும். வேறெங்கும் பயன்படுத்தாத நீளமான பாஸ்வேர்டு ஒன்றை அதற்கு வையுங்கள். சம்பந்தமில்லாத நாலு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடுத்தடுத்து எழுதினாலே போதும். எட்டெழுத்தில் ஒரு டாலர் குறி போட்டதைவிட அது பலம். பிறகு, பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள். எஸ்எம்எஸ் ஓடிபியைவிட, போனிலேயே குறியீடு காட்டும் ஆத்தென்டிகேட்டர் ஆப் மேல். பாஸ்வேர்டுக்குப் பதில் போனின் பூட்டையே சாவியாக்கும் பாஸ்கீ வசதி இருந்தால் அது அதைவிட மேல். பாஸ்வேர்டுகளை நோட்டில் எழுதி பீரோவில் பூட்டி வைப்பது தப்பு என்று சிலர் சொல்வார்கள். வியட்நாமில் உட்கார்ந்திருக்கும் திருடன் உங்கள் பீரோவைத் திறக்க முடியாது. எல்லா இடத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வைப்பதற்கு அந்த நோட்டு எவ்வளவோ தேவலாம்.

அடுத்து வாட்ஸ்அப். அமைப்புகளில் அக்கவுன்ட், அதற்குள் இரண்டு கட்டச் சரிபார்ப்பு. ஆறு இலக்க எண் போடுங்கள். வாட்ஸ்அப் கணக்கைப் பறிப்பவன், உங்களுக்கு வரும் ஆறு இலக்கக் குறியீட்டை உங்கள் மச்சான் பெயரில் கேட்டு வாங்குகிறான். இரண்டாவது எண் இருந்தால் அங்கேயே நின்றுவிடுவான். வாட்ஸ்அப்பிலேயே 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்பதையும் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கம்ப்யூட்டர் ஏதாவது இருந்தால் உடனே வெளியேற்றுங்கள்.

*#21# என்று டயல் செய்தால் உங்கள் அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கின்றனவா என்று தெரியும். திருப்பியிருந்தால் ##002# எல்லாவற்றையும் நீக்கும். "கூரியர் வந்திருக்கு, இந்த எண்ணை அமுக்குங்க" என்று நட்சத்திரக் குறியோடு ஏதாவது டயல் செய்யச் சொன்னால், உங்கள் ஓடிபி அழைப்புகளைத் தன் போனுக்குத் திருப்பத்தான் கேட்கிறான்.

யூபிஐயில் தினசரி வரம்பைக் குறைத்து வையுங்கள். பணம் வாங்குவதற்குப் பின் எண் தேவையே இல்லை, க்யூஆர் ஸ்கேனும் தேவையில்லை என்பதை வீட்டில் வயதானவர்களுக்கு ஒரு ரூபாய் அனுப்பிக் காட்டியே புரியவையுங்கள். தனிநபர் ஒருவர் இன்னொருவரிடம் யூபிஐயில் 'பணம் கொடு' என்று கோரிக்கை அனுப்பும் வசதியை, யூபிஐயை நடத்தும் என்பிசிஐ 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. கடைகளுக்கு அது இன்னும் உண்டு, ஆகவே கவனம் தேவைதான்.

ஆதார் கைரேகையைப் பூட்டுங்கள். ஆதாரின் அதிகாரப்பூர்வ ஆப்பிலோ ஆதார் தளத்திலோ செய்யலாம். நிலப்பதிவுப் பத்திரங்களில் இருந்த கைரேகையை சிலிகானில் வார்த்து, ஆதார் வழியாகப் பணம் எடுத்த வழக்குகள் தெலங்கானாவிலும் கர்நாடகாவிலும் நடந்திருக்கின்றன. அதில் ஓடிபி வரவே வராது, உங்கள் போனும் வேண்டாம். பூட்டிய பிறகு, ஆதார் கைரேகை வைக்க வேண்டிய இடத்துக்குப் போகும்போது தற்காலிகமாகத் திறக்க வேண்டும். என் அம்மா இதை மறந்து ஒருமுறை வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பினார். எனக்குக் கிடைத்த பாட்டு இருக்கட்டும்.

மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பாருங்கள். தெரியாத எண் இருந்தால் 'இது என்னுடையது இல்லை' என்று அங்கேயே சொல்லலாம். போன் தொலைந்தால் முடக்குவதும் அதே தளத்தில்தான். அதற்கு ஐஎம்இஐ எண், அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண், வேண்டும். இப்போதே *#06# அடித்து அந்த பீரோ நோட்டில் எழுதிவிடுங்கள்.

இப்போது ஓடும் வலைகள்

டிஜிட்டல் அரெஸ்ட். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதை மருந்து இருந்தது, உங்கள் ஆதாரில் ஹவாலா நடந்திருக்கிறது என்று தொடங்கும். பிறகு வீடியோ காலில் காக்கிச் சட்டை, பின்னால் அசோகச் சின்னம். "கேமராவை விட்டு நகரக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது, விசாரணை முடியும்வரை பணத்தை ரிசர்வ் வங்கியின் பாதுகாப்புக் கணக்கில் போடுங்கள்." படிக்காதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்று நினைப்பவர்களுக்கு: 2024 ஆகஸ்டில் லூதியானாவின் பெரிய ஜவுளிக் குழுமம் ஒன்றின் 82 வயதுத் தலைவரை இப்படிப் பிடித்து, இந்தியத் தலைமை நீதிபதி போல ஒருவரை நடிக்க வைத்துப் போலி உச்ச நீதிமன்ற விசாரணையே நடத்தி, 7 கோடி ரூபாயைக் கறந்தார்கள். அதில் ஐந்தே கால் கோடி திரும்பக் கிடைத்தது. 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்த வகை வழக்குகளை சிபிஐ விசாரிக்க உத்தரவிட்டது.

வீடியோ காலில் கைது செய்யும் சட்டம் இந்த நாட்டில் கிடையாது. ஆனால் இதை அறிவது மட்டும் போதாது. பயம் வந்தபின் அறிவு வேலை செய்யாது. ஆகவே செயலாகச் சொல்கிறேன்: போனை வையுங்கள். எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போங்கள். யாராவது ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்து, நடந்ததை வாய்விட்டுச் சொல்லுங்கள். பாதி சொல்லும்போதே உங்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். "யாரிடமும் சொல்லாதே" என்று அவன் ஏன் அவ்வளவு வற்புறுத்துகிறான் என்பதும் அப்போது புரியும். தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இந்த ஒரு வேலையை மட்டும் பழக்கினால் போதும்.

ஏபிகே ஃபைல். கல்யாணப் பத்திரிகை, ஆர்டிஓ அபராதச் சலான், பிஎம் கிசான் பட்டியல் என்று எந்தப் பெயரிலும் வரும்; சமயத்தில் உங்கள் சொந்தக்காரர் எண்ணிலிருந்தே வரும், ஏனென்றால் அவர் போன் ஏற்கெனவே விழுந்திருக்கும். பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப்பாகவோ வரும். ஏபிகே என்பது ஆப். அது எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியையும், திரையையே கையாளும் 'ஆக்சஸிபிலிட்டி' அனுமதியையும் கேட்டு வாங்கி உட்கார்ந்துகொள்ளும். அமைப்புகளில் 'அறியப்படாத ஆப்களை நிறுவு' என்று தேடி, வாட்ஸ்அப், குரோம் இரண்டுக்கும் அந்த அனுமதியை நீக்கிவிட்டால் தெரியாமல் தொட்டாலும் நிற்கும். ஏற்கெனவே நிறுவியாகிவிட்டதா? ஏரோப்ளேன் மோடில் போட்டு வைஃபையையும் அணையுங்கள். வேறு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லுங்கள். பாஸ்வேர்டுகளை வேறு கருவியில் மாற்றுங்கள். படங்களை மட்டும் கேபிள் வழியாக எடுத்துக்கொண்டு போனை ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். ஆப்பை மட்டும் நீக்கினால் போதுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போதாது.

முதலீட்டுக் குழுக்கள். வாட்ஸ்அப் குழுவில் 150 பேர், தினமும் லாபத்தின் ஸ்கிரீன்ஷாட், ஒரு 'பேராசிரியர்'. அந்த 150 பேரில் பலர் அவனுடைய ஆட்களே. முதலில் ஐயாயிரம் போட்டால் ஆறாயிரம் நிஜமாகவே திரும்பி வரும். அதுதான் தூண்டில் புழு. பிறகு ஆப்பில் கோடி காட்டும். எடுக்கப் போனால் "வரி கட்டுங்கள்" என்பார்கள். லாபத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பாருங்கள், பேராசிரியர் மறைந்துவிடுவார்.

அந்தப் பக்கம் உட்கார்ந்து தட்டச்சு செய்பவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று அழைத்துப்போய், மியான்மரின் மியாவாடி போன்ற இடங்களில் அடைத்து வைத்து மோசடி செய்ய வைக்கிறார்கள். 2025 மார்ச்சில் விமானப்படை விமானத்தில் தாய்லாந்தின் மே சோத் வழியாக ஒரே நாளில் 283 இந்தியர்கள் மீட்டு வரப்பட்டார்கள். ஏஜென்ட் யார், விசா என்ன வகை என்று விசாரிக்காமல் பிள்ளையை அனுப்பும் குடும்பங்களுக்கும் இது இணையப் பாதுகாப்பு விஷயம்தான்.

வந்த அழைப்பு வங்கியா இல்லையா என்று குரலை வைத்து முடிவு செய்யாதீர்கள். வைத்துவிட்டு, கார்டில் உள்ள எண்ணுக்கு நீங்கள் கூப்பிடுங்கள். வங்கிகளின் சேவை அழைப்புகள் 1600 என்று தொடங்கும் எண்களுக்கு மாறி வருகின்றன. வங்கித் தளங்களின் முகவரிகளும் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும்படி ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் வரை கெடு கொடுத்து மாற்றச் சொன்னது.

கம்பெனிக்கு: "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது"

எங்கள் ஊரில் அதிகச் சேதம் செய்வது இந்த ஒரு வரி. என் வாடிக்கையாளர் ஒருவர், ஏற்றுமதியாளர். கன்டெய்னர் போய்ச் சேர்ந்துவிட்டது, பணம் வரவில்லை. சரக்கு வாங்கிய வெளிநாட்டுப் பையரைக் கேட்டால், "நீங்கள் சொன்ன புதுக் கணக்குக்குப் பத்து நாள் முன்பே அனுப்பிவிட்டோமே" என்றார். இவர் எந்தப் புதுக் கணக்கும் சொல்லவில்லை. மெயிலைத் திறந்து பார்த்தேன். ஆபீஸில் ஐந்து பேர் ஒரே பாஸ்வேர்டில் பயன்படுத்திய மெயில் அது. யாரோ ஒருவர் எப்போதோ போலிப் பக்கத்தில் பாஸ்வேர்டைப் போட்டிருக்கிறார். உள்ளே வந்தவன் எதையும் தொடவில்லை. வரும் மெயில் எல்லாம் தனக்கும் ஒரு நகல் வரும்படி விதி போட்டுவிட்டு, வாரக்கணக்கில் சும்மா படித்துக்கொண்டிருந்திருக்கிறான். இன்வாய்ஸ் போகும் நாளில், கம்பெனிப் பெயரில் ஒரே ஒரு எழுத்து மாறிய முகவரியிலிருந்து கடிதம். ஆங்கிலத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டி எழுதினால் எம் மாதிரியே தெரியும், அவ்வளவுதான் வித்தை. யார் நஷ்டத்தை ஏற்பது என்று இரண்டு தரப்பும் பல மாதம் இழுத்தார்கள். உறவு போனது.

செய்ய வேண்டியவை. மெயில் ஆளுக்கொரு கணக்கு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பு. அமைப்புகளில் ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டையும் மாதம் ஒருமுறை பாருங்கள். உங்கள் டொமைனுக்கு, அதாவது மெயில் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயருக்கு, எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று சரிபார்ப்பு அமைப்புகளையும் போடச் சொல்லி மெயில் வைத்துத் தருபவரைக் கேளுங்கள். உங்கள் முகவரியையே பொய்யாகப் போட்டு அனுப்பும் மெயில்களில் பெரும்பாலானவற்றை அது தடுக்கும், எழுத்து மாறிய டொமைனைத் தடுக்காது. ஆகவே பையர்களோடு வேலை தொடங்கும்போதே இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: வங்கிக் கணக்கு மாற்றம் மெயிலில் மட்டும் வந்தால் செல்லாது, ஏற்கெனவே பழகிய எண்ணில் பேசி உறுதி செய்த பிறகே செல்லும். மெயிலின் அடியில் இருக்கும் எண்ணுக்கு அடித்தால் திருடனே எடுப்பான். ஊசி, மிஷின் என்று வெளிநாட்டில் வாங்குபவர்களுக்கும் இதே கதை தலைகீழாக நடக்கும்.

முகம் பார்த்துப் பேசினால் போதும் என்ற காலமும் முடிந்துவிட்டது. 2024 தொடக்கத்தில் ஆரப் என்ற பிரிட்டிஷ் பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் ஊழியர், வீடியோ கூட்டத்தில் நிதி அதிகாரியையும் சக ஊழியர்களையும் பார்த்து, அவர்கள் சொன்னபடி 15 தவணைகளில் 20 கோடி ஹாங்காங் டாலர் அனுப்பினார். கூட்டத்தில் இருந்த மற்ற எல்லோரும் டீப்ஃபேக், அதாவது கம்ப்யூட்டரில் உருவாக்கிய போலி முகமும் குரலும். அதனால் முதலாளியே கூப்பிட்டாலும், குறிப்பிட்ட தொகைக்கு மேல் இரண்டாவது ஆள் ஒப்புதல் இல்லாமல் போகக் கூடாது. பெரும்பாலான வங்கிகளின் கம்பெனிக் கணக்குகளில் ஒருவர் போட இன்னொருவர் அனுமதிக்கும் வசதி உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள். "நம்ம அக்கவுன்டன்ட் இருபது வருசமா இருக்காருங்க, அவரைச் சந்தேகப்படறதா?" என்று முதலாளிகள் கேட்பார்கள். இது அவரைக் காப்பாற்றவும்தான்.

தினமும் கணக்கு சரிபார்ப்பதன் அருமைக்குக் கும்பகோணத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. 2018 பிப்ரவரியில், அந்த ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் உத்தரவுகள் போகும் ஸ்விஃப்ட் அமைப்புக்குள் புகுந்தவர்கள், மொத்தம் சுமார் 20 லட்சம் டாலருக்கு மூன்று போலிப் பரிமாற்றங்களை துபாய், துருக்கி, சீனா என்று அனுப்பினார்கள். அனுப்பியதற்கான ஒப்புகைச் சீட்டு வெளியே வராமல் இருக்க பிரிண்டரையும் முடக்கினார்கள். மறுநாள் காலை வழக்கமான கணக்கு ஒப்பீட்டில் உட்கார்ந்தவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். துபாய்க்கான 5 லட்சம் டாலர் உடனே நிறுத்தப்பட்டது. 2016-ல் வங்கதேச மத்திய வங்கியில் 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போனபோதும் இதே பிரிண்டர் வித்தைதான். ஆகவே, பிரிண்டர் திடீரென்று ஓடவில்லை என்று என்னைக் கூப்பிடுபவர்களை நான் இப்போது கிண்டல் செய்வதில்லை.

டேலி இருக்கும் அந்தக் கம்ப்யூட்டர்

ரான்சம்வேர் என்றால் ஃபைல்களையெல்லாம் பூட்டிவிட்டுச் சாவிக்குப் பணம் கேட்பது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 2022 நவம்பர் 23 அன்று ஐந்து சர்வர்கள் விழுந்து, சுமார் இரண்டு வாரம் நோயாளிப் பதிவு எல்லாம் கையெழுத்தில் நடந்தது. நெட்வொர்க்கைச் சரியாகப் பிரிக்காததே காரணம் என்று அரசு சொன்னது. 2024 ஜூலை இறுதியில், கூட்டுறவு வங்கிகளுக்கு மென்பொருள் சேவை தரும் ஒரு நிறுவனம் விழுந்து, சுமார் 300 சிறு வங்கிகளின் பணப் பரிமாற்றம் நின்றது.

சிறு கம்பெனியில் இது நுழையும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். அக்கவுன்டன்ட், கணக்கு மென்பொருளான டேலியை வீட்டிலிருந்தே பார்க்க வேண்டும் என்பார். யாரோ ஒரு தம்பி வந்து ரௌட்டரில் 3389 என்ற போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து கம்ப்யூட்டரை இயக்க உதவும் வாசலை, திறந்துவிட்டுப் போவார். உலகம் முழுக்க அந்த எண்ணைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும் புரோகிராம்கள் உண்டு. பாஸ்வேர்டு கம்பெனி பெயரும் 123-ம். இரண்டாவது வழி, கிராக் சாஃப்ட்வேர். காசு கொடுக்காமல் டேலியைத் திறக்கும் அந்தச் சின்ன ஃபைல், வேறு சிலவற்றையும் திறக்கும்.

இன்றைக்கே அந்தப் போர்ட்டை மூடுங்கள். வெளியிலிருந்து பார்த்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு கட்டச் சரிபார்ப்போடு விபிஎன் என்ற பூட்டிய தனிப் பாதையை வையுங்கள். தினசரி வேலைக்கு, எதையும் மாற்றும் அனுமதி உள்ள அட்மின் கணக்கு வேண்டாம், சாதாரண யூசர் கணக்கு போதும். விண்டோஸ் 10-க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. குறைந்தபட்சம் பணம் கையாளும் கம்ப்யூட்டரையாவது மாற்றுங்கள். சிசிடிவி, விருந்தினர் வைஃபை இரண்டும் கணக்குக் கம்ப்யூட்டர் இருக்கும் நெட்வொர்க்கில் இருக்கக் கூடாது. வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்று மாலையே மூடுங்கள்.

இத்தனையும் செய்தும் ஒருநாள் விழலாம். அன்றைக்குக் காப்பாற்றுவது பேக்கப் மட்டுமே. இந்தத் தொழிலில் நான் அதிகம் கேட்ட பதில் "பேக்கப் இருக்குங்க, டி டிரைவ்ல". அது அதே ஹார்ட் டிஸ்க். பூட்டுபவன் அதையும் பூட்டுவான். எப்போதும் செருகியே இருக்கும் பென் டிரைவும் அப்படித்தான். மூன்று நகல், இரண்டு வெவ்வேறு கருவி, அதில் ஒன்று கம்ப்யூட்டரோடு தொடர்பே இல்லாமல் வேறு இடத்தில். இதுதான் உலகம் முழுக்கச் சொல்லும் கணக்கு.

பூட்டு விழுந்த காலை

1. நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். கம்ப்யூட்டரை ஆஃப் செய்ய வேண்டாம்; நினைவகத்தில் தடயம் இருக்கலாம். மற்ற கம்ப்யூட்டர்களையும் பிரியுங்கள்.

2. பேக்கப் டிஸ்க்கைக் கொண்டுவந்து உடனே செருகிவிடாதீர்கள். பதற்றத்தில் எல்லோரும் செய்யும் தவறு. அதுவும் பூட்டப்படும்.

3. திரையில் இருக்கும் மிரட்டல் கடிதத்தைப் போனில் படம் எடுங்கள். பூட்டிய ஃபைல்களைத் தனி டிஸ்க்கில் வையுங்கள். யூரோபோலும் நெதர்லாந்து போலீஸும் 2016-ல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் சில வகைகளுக்குச் சாவி இலவசமாகக் கிடைக்கிறது. இன்று இல்லாத சாவி அடுத்த வருடம் வரலாம்.

4. இணையத் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கு ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28-ல் உத்தரவு வந்தது. சிறு கம்பெனிக்கும் பொருந்தும். இலவச எண் 1800-11-4949. வாடிக்கையாளர், தொழிலாளர் விவரங்கள் போயிருந்தால் 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சேரும். பாதுகாக்கத் தவறியதற்கு அபராத உச்சவரம்பு 250 கோடி. அதன் முழுக் கடமைகள் படிப்படியாகத்தான் அமலாகின்றன, ஆடிட்டரிடம் இப்போதே பேசி வையுங்கள்.

5. பணம் கட்டாதீர்கள். கட்டினால் சாவி வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை, "கட்டுகிற ஆள்" என்ற பட்டியலில் பெயர் ஏறுவதற்கு மட்டும் உண்டு.

6. எப்படி நுழைந்தான் என்று தெரிந்து அந்த வழியை அடைத்த பிறகே, புதிதாக விண்டோஸ் போட்ட கம்ப்யூட்டரில் பேக்கப்பை ஏற்றுங்கள். இதைச் செய்யாமல் மறுநாளே ஏற்றி, மறுவாரமே மறுபடி பூட்டு வாங்கிய இடம் ஒன்று எனக்குத் தெரியும்.

பேக்கப் எடுப்பதைவிட, எடுத்ததைத் திறந்து பார்ப்பதுதான் நடக்காமல் போகும் வேலை. காங்கேயம் ரோட்டில் ஒரு முதலாளி அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் பெயின்டால் 'ஒற்றை', இன்னொன்றில் 'இரட்டை'. ஒற்றைப்படைத் தேதிகளில் முதலாவது கம்பெனியில், இரண்டாவது வீட்டு பீரோவில். இரட்டைப்படைத் தேதிகளில் மாறும். சாப்பாட்டுக் கேரியர் பையிலேயே போய் வருகிறது. மாதத்தின் முதல் சனிக்கிழமை சாயங்காலம், அவர் மகள் வீட்டு லேப்டாப்பில் அந்த டேலி டேட்டாவைத் திறந்து, மாதக் கடைசி இருப்புத் தொகையைப் படித்துச் சொல்வாள். அவர் இங்கே கம்பெனியில் லெட்ஜரைப் பார்த்து டிக் அடிப்பார். போன மாதம் ஒருமுறை தொகை ஒத்துப்போகவில்லை. என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் 'இரட்டை' டிஸ்க்கின் கேபிள் போயிருந்தது, ஆறு நாளாக எதுவும் ஏறவே இல்லை. 250 ரூபாய் கேபிள். மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.